விரியும் வாயுவுக்கு வெப்ப இயக்கவியலின் முதல் விதியைப் பயன்படுத்துவது எப்படி?

கோலி சோடா பாட்டிலின் கழுத்தில் அடைத்திருக்கும் கோலியைக் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளியதும், ‘உஸ்’ என்ற ஒலியோடு கழுத்துப் பகுதியில் மெல்லிய வெண்மூட்டம் ஒன்று தோன்றி ஓரிரு நொடிகளில் மறைந்துவிடும். அது புகையன்று, வாயு திடீரென்று குளிர்ந்ததால் அதிலிருந்த நீராவி நுண்துளிகளாகத் திரண்டதே அம்மூட்டம். அந்த வாயுவிலிருந்து யாரும் வெப்பத்தை எடுக்கவில்லை. ஆயினும் அது குளிர்ந்துவிட்டது. இதற்கு நேர்மாறான செய்தி ஒன்று 1845ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கிறது. அவ்வாண்டில் ஜேம்ஸ் ஜூல், 22 வளிமண்டல அழுத்தம் வரை காற்றை அடைத்த ஒரு செப்புக் கலனையும், காற்றை நீக்கிய மற்றொரு செப்புக் கலனையும் குழாயால் இணைத்து, நீர்த்தொட்டியில் மூழ்கவைத்து, இடையிலிருந்த அடைப்பைத் திறந்தார். காற்று ஏறத்தாழ இரு மடங்கு இடத்திற்கு விரிந்தது; ஆனால் நீரின் வெப்பநிலையில் அவரால் எந்த மாற்றத்தையும் காண முடியவில்லை.

இரண்டுமே விரிவுதான், இரண்டிலும் வெளியிலிருந்து வெப்பம் தரப்படவில்லை. ஒன்றில் வாயு குளிர்கிறது, மற்றொன்றில் குளிரவில்லை. ‘விரிந்தால் வாயு குளிரும்’ என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பவர் இரண்டாவதில் தவறுவார்; ‘வெப்பம் போகவில்லையென்றால் வெப்பநிலை மாறாது’ என்று நினைப்பவர் முதலாவதில் தவறுவார். இரண்டையும் ஒரே வரியில் விளக்கக்கூடியது வெப்ப இயக்கவியலின் முதல் விதி. அதை விரியும் வாயுவொன்றுக்கு எவ்வாறு படிப்படியாகப் பொருத்துவது என்பதை, ஒரே எண்கணக்கைப் பல வழிகளில் செய்து பார்ப்பதன் மூலம் இங்கே விளக்குகிறேன்.

எல்லையும் குறியும்

பேனாவைத் தாளில் வைப்பதற்கு முன் செய்யவேண்டிய முதல் வேலை, எந்த வாயுவைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்வது. பிஸ்டன் பொருத்திய உருளைக்குள் அடைபட்ட வாயு என்றால் இதில் சிக்கல் இல்லை. திறந்த பாட்டில், காற்று இறங்கும் சைக்கிள் டியூப் போன்றவற்றில் வாயுவின் ஒரு பகுதி வெளியேறிக்கொண்டே இருப்பதால், குறிப்பிட்ட அளவு வாயுவை மனத்தில் ஒரு கற்பனை உறையால் சூழ்ந்துகொண்டு, அந்த உறைக்குள் இருப்பது மட்டுமே நமது அமைப்பு என்று கொள்ளவேண்டும். இந்த முடிவை எடுக்காமல் தொடங்கிய கணக்கு, பாதிவழியில் வேறொரு வாயுவின் கணக்காக மாறிவிடும்.

அடுத்தது குறி. இயற்பியல் நூல்களில் விதி இவ்வாறு எழுதப்படுகிறது:

அக ஆற்றல் மாற்றம் = வாயு ஏற்ற வெப்பம் − வாயு செய்த வேலை

அக ஆற்றல் என்பது வாயுவின் மூலக்கூறுகள் தமக்குள் வைத்திருக்கும் மொத்த ஆற்றல். வேதியியல் நூல்களிலோ, வாயுவின்மீது செய்யப்பட்ட வேலையை வேலை என்று கொண்டு, வெப்பத்தோடு அதைக் கூட்டி எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒரே கல்வியாண்டில் இவ்விரு வடிவங்களையும் படிக்கவேண்டியிருப்பதால், ஒரு பாடத்தின் கழித்தல் குறியை மற்றொரு பாடத்தின் வேலையோடு சேர்த்து எழுதிவிடும் பிழை மிக இயல்பாக நேர்கிறது. இதற்கு நான் எப்போதும் சொல்லும் வழி, ஒவ்வொரு அளவையும் முழுச் சொல்லாக எழுதுவது. ‘வேலை’ என்று மட்டும் எழுதாமல் ‘வாயு செய்த வேலை’ என்று எழுதியவர் விரிவில் அதற்கு எதிர்க்குறி இடமாட்டார். ஏனெனில் விரியும் வாயு பிஸ்டனை வெளியே தள்ளுகிறது, தள்ளும் திசையிலேயே பிஸ்டன் நகர்கிறது, ஆகவே வேலை நேர்க்குறி உடையது. இந்தக் கட்டுரை முழுவதும் இயற்பியல் வடிவத்தையே பின்பற்றுகிறேன்.

மூன்றில் இரண்டைத் தனித்தனியே காணுங்கள்

விதியில் மூன்று அளவுகள் உள்ளன. அவற்றுள் இரண்டை விதியின் துணையின்றித் தனியே கண்டறிந்து, மூன்றாவதை மட்டும் விதியிடம் விடவேண்டும். எந்த இரண்டு என்பதே ஒவ்வொரு கணக்கிலும் கேட்கவேண்டிய கேள்வி. இதற்கு விடை தெரிந்துவிட்டால் எஞ்சியது கூட்டலும் கழித்தலும்தான்.

அக ஆற்றல் ஒரு நிலை மாறி. வாயு எந்த வழியாக வந்தது என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. இப்போது எந்நிலையில் இருக்கிறது என்பது மட்டுமே அதைத் தீர்மானிக்கிறது. நல்லியல்பு வாயுவை, அதாவது மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்பே இல்லை என்று கொள்ளப்படும் வாயுவைப் பொறுத்தவரை, அதிலும் வெப்பநிலை ஒன்றே போதும். ஆகவே தொடக்க, இறுதி வெப்பநிலைகள் தெரிந்தால் அக ஆற்றல் மாற்றம் தெரிந்துவிடும்: மோல் எண்ணிக்கை, பருமன் மாறாத நிலையிலுள்ள மோலார் தன்வெப்ப ஏற்புத்திறன் (ஒரு மோல் வாயுவை ஒரு கெல்வின் சூடேற்றத் தேவையான வெப்பம்), வெப்பநிலை மாற்றம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் அது. இங்கே ஒரு தவறான எண்ணத்தை அழுத்தமாக மறுக்கவேண்டும். இந்த வாய்பாட்டில் ‘பருமன் மாறாத’ என்ற சொல் இருப்பதால், பருமன் மாறும் நிகழ்வுகளுக்கு இது பொருந்தாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சொல், அந்த எண்ணை எந்தச் சோதனையில் அளந்தார்கள் என்பதைச் சொல்கிறதேயன்றி, அதை எங்கே பயன்படுத்தலாம் என்பதைச் சொல்லவில்லை. நல்லியல்பு வாயு அழுத்தம் மாறாமல் விரிந்தாலும், வெப்பப் பரிமாற்றமின்றி விரிந்தாலும், தாறுமாறாக விரிந்தாலும் அக ஆற்றல் மாற்றத்திற்கு இதே வாய்பாடுதான்.

வேலை அப்படிப்பட்டதன்று. அது பாதையைச் சார்ந்தது. வாயு தள்ளுகிற எதிர் அழுத்தத்தைப் பருமன் மாற்றத்தால் பெருக்கினால் வேலை கிடைக்கும். அழுத்தம் மாறிக்கொண்டே இருந்தால் சிறுசிறு துண்டுகளாகப் பெருக்கிக் கூட்டவேண்டும், அதாவது அழுத்தம்–பருமன் வரைபடத்தில் பாதைக்குக் கீழுள்ள பரப்பைக் காணவேண்டும். பிஸ்டன் மிக மெதுவாக நகரும் மீமெது நிகழ்வில் வாயுவின் அழுத்தமும் எதிர் அழுத்தமும் சமமாக இருப்பதால், வாயுவின் அழுத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம். திடீர் விரிவில் இது செல்லாது.

வெப்பத்தை நேரடியாகக் காணக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. வெப்பம் கடத்தாச் சுவர் இருந்தால் அது சுழி. மற்ற பெரும்பாலான கணக்குகளில் அதுவே விதியிடம் விடவேண்டிய மூன்றாவது அளவு.

ஒரே வாயு, பல பாதைகள்

உருளையொன்றில் உலர்ந்த காற்று இருப்பதாகக் கொள்வோம்: அழுத்தம் 2 லட்சம் பாஸ்கல், பருமன் 10 லிட்டர், வெப்பநிலை 300 கெல்வின். இதை 20 லிட்டர் வரை விரியவைக்கிறோம். கணக்கை எளிதாக்க இரண்டு குறுக்குவழிகள் உண்டு. 1 லட்சம் பாஸ்கலை 1 லிட்டரால் பெருக்கினால் 100 ஜூல் வரும் என்பது முதலாவது. காற்றின் பெரும்பகுதி நைட்ரஜனும் ஆக்சிஜனுமாகிய ஈரணு வாயுக்கள் என்பதால், அறை வெப்பநிலையை ஒட்டி அதன் அக ஆற்றல் மாற்றம் என்பது அழுத்தம்–பருமன் பெருக்கற்பலனில் ஏற்படும் மாற்றத்தின் இரண்டரை மடங்கு என்பது இரண்டாவது. இதனால் மோல் எண்ணிக்கையைக் காணவேண்டிய தேவையே இல்லை. காணவிரும்புவோருக்கு அது 0.802 மோல். தொடக்கத்தில் நமது பெருக்கற்பலன் 2000 ஜூல்.

முதலில் அழுத்தம் மாறாமல் விரியட்டும். எடை வைத்த பிஸ்டனின் கீழே மெதுவாகச் சூடேற்றினால் இது நிகழும். பருமன் இரட்டித்ததால் வெப்பநிலையும் இரட்டித்து 600 கெல்வின் ஆகிறது. வேலை, 2 லட்சம் பாஸ்கல் பெருக்கல் 10 லிட்டர், அதாவது 2000 ஜூல். பெருக்கற்பலன் 2000இலிருந்து 4000 ஜூலாக உயர்ந்ததால் அக ஆற்றல் 5000 ஜூல் கூடுகிறது. எனவே வெப்பம் 7000 ஜூல். இந்த வாயுவையே பருமன் மாறாமல் பூட்டிவைத்து 600 கெல்வின் வரை சூடேற்றியிருந்தால் 5000 ஜூல் போதுமாக இருந்திருக்கும். கூடுதலாகக் கேட்ட 2000 ஜூல் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு, பிஸ்டனை உயர்த்திய வேலையாக மாறிற்று என்பதே விடை. 1842இல் ராபர்ட் மேயர் என்ற ஜெர்மானிய மருத்துவர், அழுத்தம் மாறாத நிலையிலும் பருமன் மாறாத நிலையிலும் காற்றுக்குள்ள இரு தன்வெப்ப ஏற்புத்திறன்களின் வேறுபாட்டிலிருந்தே வெப்பத்திற்கும் வேலைக்குமுள்ள மாற்று விகிதத்தைக் கணித்தார். இன்றைக்கு நாம் இரண்டுக்குமுள்ள வேறுபாடு வாயு மாறிலிக்குச் சமம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோகும் மேயர் தொடர்பு, முதல் விதி பிறந்த இடங்களுள் ஒன்று.

அடுத்து, வெப்பநிலை மாறாமல். உருளையைப் பெரிய நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, பிஸ்டன்மீதுள்ள மணலைச் சிட்டிகை சிட்டிகையாக எடுத்தால் வாயு 300 கெல்வினிலேயே விரியும். அழுத்தம் 1 லட்சம் பாஸ்கலாகக் குறையும். அக ஆற்றல் மாற்றம் சுழி. வேலை, 2000 ஜூலை 2இன் இயல் மடக்கையான 0.693ஆல் பெருக்கிக் கிடைக்கும் 1386 ஜூல். வெப்பமும் அதே 1386 ஜூல்தான். வெப்பநிலை மாறவில்லை என்பதால் வெப்பம் சுழி என்று எழுதும் பிழையை விடைத்தாள்களில் நான் ஓயாமல் காண்கிறேன். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. இங்கே வந்த வெப்பம் முழுவதும் வந்த வேகத்திலேயே வேலையாக வெளியேறுகிறது.

மூன்றாவதாக, வெப்பம் கடத்தாச் சுவருக்குள் மெதுவாக விரியட்டும். வெப்பம் சுழி என்பது தெரியும். அழுத்தம், பருமனின் 1.4 (காற்றின் அவ்விரு தன்வெப்ப ஏற்புத்திறன்களின் விகிதம்) என்ற அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், இறுதி வெப்பநிலை 300 கெல்வினை 2இன் 0.4 அடுக்கால் வகுத்துக் கிடைக்கும் 227 கெல்வின், ஏறத்தாழ −46 பாகை செல்சியஸ். அக ஆற்றல் 1211 ஜூல் குறைகிறது. அதுவே வாயு செய்த வேலை. வாயு தன் கையிருப்பிலிருந்து செலவிட்டிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறும் பருவக்காற்று குளிர்ந்து மேகமாவதும் இதனால்தான். மேலே அழுத்தம் குறைவு, காற்று விரிகிறது, சுற்றியுள்ள காற்றைத் தள்ளி வேலை செய்கிறது. நீராவி திரளத் தொடங்கும் வரை, ஏறும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 9.8 பாகை வீதம் அதன் வெப்பநிலை இறங்கும்.

ஜூலின் சோதனை போல வெற்றிடத்திற்குள் விரிந்தால், தள்ளுவதற்கு எதிரே ஒன்றுமில்லை. வேலை சுழி, வெப்பம் சுழி, ஆகவே அக ஆற்றல் மாற்றமும் சுழி; நல்லியல்பு வாயுவின் வெப்பநிலை 300 கெல்வினிலேயே நிற்கும். உண்மை வாயுக்களில் மூலக்கூறுகளுக்கிடையே சிறு ஈர்ப்பு இருப்பதால் சற்றே குளிர்தல் நேரும். ஜூலின் நீர்த்தொட்டி அதைக் காட்டும் அளவுக்கு நுட்பமானதன்று.

நேர்கோட்டுப் பாதை

தேர்வுகளில் அதிகம் கேட்கப்படுவதும், முதல் விதியை ஒருவர் உண்மையிலேயே புரிந்துகொண்டாரா என்பதைக் காட்டுவதும் இதுதான். 2 லட்சம் பாஸ்கல், 10 லிட்டர் என்ற புள்ளியிலிருந்து 1 லட்சம் பாஸ்கல், 20 லிட்டர் என்ற புள்ளிக்கு, அழுத்தம்–பருமன் வரைபடத்தில் நேர்கோடாக விரிவு நிகழ்கிறது. வேலை சரிவகத்தின் பரப்பு: சராசரி அழுத்தம் ஒன்றரை லட்சம் பாஸ்கல், பருமன் மாற்றம் 10 லிட்டர், ஆக 1500 ஜூல். இரு முனைகளிலும் பெருக்கற்பலன் 2000 ஜூல் என்பதால் வெப்பநிலை இரு முனைகளிலும் 300 கெல்வின். அக ஆற்றல் மாற்றம் சுழி. நிகர வெப்பம் 1500 ஜூல்.

விடை வந்துவிட்டது என்று பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் பாதையின் நடுவே என்ன நடந்தது என்று பாருங்கள். நடுப்புள்ளியான 15 லிட்டரில் அழுத்தம் 1.5 லட்சம் பாஸ்கல், பெருக்கற்பலன் 2250 ஜூல். ஆகவே அங்கே வெப்பநிலை 337.5 கெல்வின். வாயு முதலில் சூடாகி, 15 லிட்டரில் உச்சத்தைத் தொட்டு, பின்பு இறங்கியிருக்கிறது. அப்படியானால் 15 லிட்டர் வரை வெப்பம் உள்ளே வந்தது, அதன்பின் வெளியேறியது என்று சொல்லலாமா? கணக்கிட்டுப் பார்ப்போம். 15 லிட்டரிலிருந்து 17.5 லிட்டர் வரை செல்லும் துண்டில் சராசரி அழுத்தம் 1.375 லட்சம் பாஸ்கல், வேலை 343.75 ஜூல். பெருக்கற்பலன் 2250இலிருந்து 2187.5 ஜூலாகக் குறைவதால் அக ஆற்றல் 156.25 ஜூல் குறைகிறது. எனவே வெப்பம் 187.5 ஜூல், நேர்க்குறியோடு. வாயு குளிர்ந்துகொண்டிருக்கும்போதே வெப்பத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. உள்ளே வருவதைவிட வேலையாகச் செலவாவது அதிகம் என்பதால் கையிருப்பு குறைகிறது, அவ்வளவே.

வெப்பத்தின் திசை திரும்புவது 17.5 லிட்டரில், அங்கேதான் இந்த நேர்கோடு வெப்பப் பரிமாற்றமில்லா வளைகோடு ஒன்றைத் தொட்டுச் செல்கிறது. அதன்பின் 20 லிட்டர் வரை 187.5 ஜூல் வெளியேறுகிறது. ஆகவே வாயு உண்மையில் ஏற்றது 1687.5 ஜூல், திருப்பித் தந்தது 187.5 ஜூல். வெப்ப இயந்திரத்தின் பயனுறுதிறனைக் காணும் கணக்கில், ஏற்ற வெப்பத்தையும் தந்த வெப்பத்தையும் தனித்தனியே பிரிக்கவேண்டியிருப்பதால், இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவரின் விடை தவறாகிவிடும்.

இதே இரு முனைகளுக்கிடையே, முதலில் அழுத்தம் மாறாமல் விரிந்து பின்பு பருமன் மாறாமல் குளிர்ந்தால் வேலை 2000 ஜூல். வரிசையை மாற்றினால் 1000 ஜூல். வெப்பநிலை மாறாப் பாதையில் 1386. வெற்றிடத்திற்குள் விரிந்தால் சுழி. அக ஆற்றல் மாற்றம் எல்லாவற்றிலும் சுழிதான்.

திடீரென்று விடுவித்தால்

வெப்பம் கடத்தா உருளையில், பிஸ்டன்மீதிருந்த எடையில் ஒரு பகுதியைச் சட்டென்று எடுத்துவிடுவதால், எதிர் அழுத்தம் 2 லட்சத்திலிருந்து 1 லட்சம் பாஸ்கலாக ஒரேயடியாகக் குறைகிறது என்று கொள்வோம். இங்கே 1.4 என்ற அடுக்கு வாய்பாட்டைப் பயன்படுத்தக்கூடாது. அது மீமெது நிகழ்வுக்கு மட்டுமே உரியது. இடைப்பட்ட கணங்களில் வாயுவுக்கு ஒரே அழுத்தம் என்று ஒன்று இல்லவே இல்லை. ஆனால் முதல் விதிக்கு இதனால் எந்தக் குறையும் இல்லை. வெப்பம் சுழி, வேலை, எதிர் அழுத்தமான 1 லட்சம் பாஸ்கலைப் பருமன் மாற்றத்தால் பெருக்கியது, அக ஆற்றல் மாற்றம், பெருக்கற்பலன் மாற்றத்தின் இரண்டரை மடங்கு. பிஸ்டன் அதிர்ந்து ஓய்ந்தபின் வாயுவின் அழுத்தமும் 1 லட்சம் பாஸ்கல் ஆகிவிடும் என்பதைச் சேர்த்துக்கொண்டு தீர்த்தால், இறுதிப் பருமன் 17.14 லிட்டர், வெப்பநிலை 257 கெல்வின், வேலை 714 ஜூல். அதே இறுதி அழுத்தத்திற்கு மெதுவாக விரிந்திருந்தால் 16.41 லிட்டர், 246 கெல்வின், 898 ஜூல். திடீர் விரிவில் வாயு குறைவாகவே வேலை செய்கிறது. ஆகவே குறைவாகவே குளிர்கிறது.

மெதுவா, விரைவா என்பதோடு வெப்பம் கடக்கிறதா, இல்லையா என்பதையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. நியூட்டன், ஒலியலையில் காற்று அமுங்கி விரிவதை வெப்பநிலை மாறா நிகழ்வாகக் கொண்டு கணக்கிட்டபோது, 0 பாகையில் நொடிக்கு ஏறத்தாழ 280 மீட்டர் என்ற வேகமே அவர் வாய்பாட்டிலிருந்து வருகிறது. உண்மை வேகம் ஏறத்தாழ 332 மீட்டர். அமுக்கமும் விரிவும் மாறிமாறி வரும் வேகத்தில் பக்கத்துக் காற்றோடு வெப்பம் பரிமாற நேரமில்லை என்று திருத்தியவர் லாப்லாஸ். ஒலியலையில் அழுத்த மாற்றம் மிகச் சிறியது என்பதால், விரைவான நிகழ்வாக இருந்தும் அங்கே அடுக்கு வாய்பாடு சரியாகப் பொருந்துகிறது.

மீண்டும் சோடா பாட்டில்

இனிக் கோலி சோடாவுக்கு வருவோம். கழுத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு 3 வளிமண்டல அழுத்தத்திலும் 303 கெல்வினிலும் இருப்பதாக எடுத்துக்கொள்வோம். அதன் இரு தன்வெப்ப ஏற்புத்திறன்களின் விகிதம் ஏறத்தாழ 1.3. எந்த வாயு என்ற முதல் கேள்வி இங்கேதான் பயன்படுகிறது. திறந்தபின்பும் கழுத்திலேயே தங்கிவிடும் பகுதியை மட்டும் உறையிட்டுக்கொண்டால், அது தனக்கு முன்னால் இருந்த வாயுவைப் படிப்படியாகக் குறையும் அழுத்தத்தோடு வெளியே தள்ளியிருக்கிறது; ஆகவே மீமெது வாய்பாடு ஏறத்தாழப் பொருந்தும். வெப்பநிலை 235 கெல்வின், −38 பாகை செல்சியஸ் என்று வருகிறது. நீராவி திரளும்போது வெளிவிடும் வெப்பமும் கண்ணாடிச் சுவரும் சேர்ந்து இதைத் தடுப்பதால் உண்மையில் இவ்வளவு தாழாது. ஆனால் மூட்டம் தோன்ற இதில் ஒரு பகுதியே போதும்.

கழுத்திலிருந்த வாயு முழுவதையும், வெளியேறியதையும் சேர்த்து, உறையிட்டால் கணக்கு வேறு. அந்த மொத்த வாயு தள்ளியது 1 வளிமண்டல அழுத்தத்தை மட்டுமே. திடீர் விரிவின் முறையில் தீர்த்தால் சராசரி வெப்பநிலை 256 கெல்வின், −17 பாகை. இரண்டு விடைகளும் ஒன்றோடொன்று மோதவில்லை. தங்கிய வாயு வெளியேறிய வாயுவின்மீது வேலை செய்தது. அந்த வேலையின் ஒரு பகுதி ‘உஸ்’ என்று பாய்ந்த தாரையின் இயக்க ஆற்றலாகி, தாரை ஓய்ந்ததும் வெளியேறிய வாயுவுக்குள்ளேயே வெப்பநிலையாகத் திரும்பியது. சுற்றுக் காற்றோடு கலப்பதற்கு முன் அந்தப் பகுதியின் வெப்பநிலையைப் பிரித்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 272 கெல்வின், அதாவது −1 பாகை வருகிறது.